வலது எட்டு, இடது ஏழு

செப்டம்பர் 15, திங்கள்

இது போன வருடத்து டைரி. பால் பூத்தில் சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்கி வந்தேன். கிழமை எதுவும் ஒத்துவராது, நானே அடித்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் பேச ஆள் இல்லாதவர்கள் சுவரோடு பேசுவார்களாம். சுவருக்கு இது தேவலை.

இன்று செருப்புக் கடையில் முதல் நாள். கீழவாசல் பக்கம் கடை. தீபாவளிக் கூட்டத்துக்காக இரண்டு பேரை எடுத்திருக்கிறார்கள். ஒருத்தி நான், இந்திராணி, வயது நாற்பத்து நான்கு. இன்னொருவர் சௌந்தரபாண்டி அண்ணே, நாற்பத்தெட்டு. தீபாவளி முடிந்ததும் இரண்டு பேரில் ஒருவரை மட்டும்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்று முதலாளி முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன், ஒளிவுமறைவு இல்லை.

கடைக்குள்ளே பலகை போட்டு ஒரு மச்சு கட்டியிருக்கிறார்கள். சரக்கெல்லாம் அங்கேதான். நிமிர்ந்து நிற்க முடியாது. அண்ணே அங்கே குத்தவைத்தபடியே நாள் முழுக்க இருக்க வேண்டும். நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. கீழே நின்று நான் "கறுப்பு, கயிறு வச்சது, எட்டு!" என்று கத்தினால் அந்த வழியாகப் பெட்டி வந்து விழும். நான் பிடிக்க வேண்டும். முதல் பெட்டியை என் தலை பிடித்தது.

"பட்டுருச்சாக்கா?" என்று மேலேயிருந்து குரல். ஆள் தெரியவில்லை, ஒரு கை மட்டும் தெரிந்தது. என்னைவிட நான்கு வயது மூத்தவர், என்னை அக்கா என்கிறார். இந்தக் கடையில் எல்லாரும் எல்லாருக்கும் அக்கா, அண்ணேதான். வருகிற பாட்டிகூட எனக்கு அக்காதான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கால் வலி. இடுப்பு வலி. வேறு செய்தி இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

காலை பத்து முதல் இரவு ஒன்பதரை வரை நிற்கிறேன். பெஞ்சு செருப்பு வாங்க வருகிறவர்களுக்கு, தரை எங்களுக்கு. ஒரு நாளைக்கு இங்கே மண்டி போட்டு எழுந்திருக்கிற அத்தனை தடவையும் சாமி முன்னால் செய்திருந்தால் இந்நேரம் மோட்சம் கிடைத்திருக்கும்.

ஒன்று கவனித்தேன். எனக்கு முகம் மறந்துபோகிறது, கால் மறப்பதில்லை. நேற்று வந்தவர் இன்று மாற்ற வந்தால் முகத்தைப் பார்த்து முழிக்கிறேன். காலைப் பார்த்ததும் "அண்ணே, நேத்து பிரவுனு வாங்குனீங்கள்ல" என்கிறேன். பில் போடும் சபீனா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, வாய் ஓயாது. எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மேலே இருக்கிற அண்ணேயின் காலை மட்டும் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் வந்து, எங்களுக்குப் பின்னால்தான் இறங்குகிறார். ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாராம். தியேட்டர் கல்யாண மண்டபம் ஆனது. "மண்டபத்துல கிழிக்க ஒண்ணும் இல்லக்கா, சாப்புட்ட எல செதறாம எடுக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

செப்டம்பர் 24, புதன்

திண்டுக்கல்லில் இருந்து மகள் தேன்மொழி போன் செய்தாள். "எம்மா, தீபாவளியோட அந்த வேலைய விட்டுட்டு இங்க வந்துரு. அத்தையும் சொல்றாங்க." அத்தை என்றால் அவளுடைய மாமியார். தங்கமான மனுஷி. காபியில் எத்தனை கரண்டி சர்க்கரை விழுகிறது என்று எட்ட நின்று பார்ப்பாள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. தையல் மெஷினை மிதித்து மகளைக் கரையேற்றினேன். இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. வில்லாபுரத்தில் இந்த ஒற்றை அறைதான் எனக்கு மிச்சம். இங்கே நான் எப்போது வேண்டுமானாலும் ரேடியோ போடலாம், ரசத்தில் இரண்டு மிளகாய் கூடக் கிள்ளிப் போடலாம். இந்த வேலை நிலைத்தால் அறையும் நிலைக்கும். இல்லையென்றால் கார்த்திகையில் பெட்டியைக் கட்டித் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும்.

"பாக்கலாம்டி" என்றேன்.

செப்டம்பர் 27, சனி

என்ன கூட்டம்! சாப்பிட்டது நாலரைக்கு. வெள்ளை ஷூ கேட்டு ஒரே நேரத்தில் இரண்டு பேர். ஒருவர் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், கழுத்தில் விசில். இன்னொருவர் ஷூவைப் போட்டதும் உட்கார்ந்தபடியே தாளம் தட்டிக்கொண்டிருந்தார். ஏழும் எட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். நடுவில் ஒரு அம்மா பிள்ளையைத் தொலைத்துவிட்டு அலற, அதையும் தேடிப் பிடித்து, அவசரமாக இரண்டு பெட்டியையும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். பிள்ளை கண்ணாடிக்குப் பின்னால் நின்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

மத்தியானம் நான் ஒன்றும் கேட்காமலேயே மேலேயிருந்து ஒரு பெட்டி வந்தது. "அக்கா, ஏழாம் நம்பரு. பாத்துப் பிரிங்க." பிரித்தால் உள்ளே இரண்டு உளுந்தவடை, சட்னிப் பொட்டலத்தோடு. சனிக்கிழமை நான் பட்டினியாக நின்றதை மேலேயிருந்து பார்த்திருக்கிறார்.

நல்ல வடை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கால் அளக்கும் பலகைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மச்சுக்கு ஒரு பொரிப் பொட்டலத்தை நான் எறிந்தேன். பாதி என் தலையிலேயே கொட்டியது. அண்ணே ஓட்டை வழியே எட்டிப் பார்த்துச் சிரித்தார். முன்பல்லில் ஓர் இடைவெளி இருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

விளையாட்டு வாத்தியார் வந்தார். கடைக்குள் நுழைந்ததும் விசில் ஊதினார். நிஜமாகவே ஊதினார்.

"என்னம்மா வியாபாரம் பண்றீங்க? வலது எட்டு, இடது ஏழு! விளையாட்டு விழா அன்னைக்குப் போட்டுக்கிட்டு நொண்டுறேன், பிள்ளைங்க பூராம் என்னைய மாதிரியே நொண்டிக் காட்டுதுக!"

இவரிடம் வலது எட்டு, இடது ஏழு என்றால், தாளம் தட்டியவரிடம் வலது ஏழு, இடது எட்டு போயிருக்கிறது. முதலாளி வாத்தியாருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, புதிதாக ஒரு ஜோடி கொடுத்து அனுப்பினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "அந்த இன்னொரு ஜோடியக் கண்டுபிடிச்சுக் கொண்டாந்தாத்தான் ரெண்டும் சேரும். இல்லாட்டி இது குப்பைக்குத்தான். யாரு செஞ்சதுன்னு அப்புறம் பேசிக்கிறேன்."

ஆள் யாரென்று யாருக்கும் தெரியாது. முகமும் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் வெள்ளை ஷூ, உட்கார்ந்த இடத்தில் தாளம். பேண்டு செட்டுக்காரர் என்று அடித்துச் சொன்னேன். பேண்டு செட்டுக்காரர்கள் காலையில் எந்தத் தெருவில் நிற்பார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார் அண்ணே. மண்டபத்தில் இருந்த பழக்கம்.

அக்டோபர் 4, சனி

காலை ஏழரைக்கே கிளம்பினோம். பஸ் நிறுத்தத்தில் ஓர் ஆள் எனக்குக் கை காட்டினார். யாரோ என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "அக்கா, நான்தான்" என்ற பிறகுதான் தெரிந்தது. இவ்வளவு உயரமா! மச்சில் மடங்கிக் கிடக்கிற மனுஷன் நிமிர்ந்து நின்றால் கழுத்து வலிக்கப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெரு முழுக்க ட்ரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையாகக் கால்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஏழாவது ஆள் காலில் எங்கள் வெள்ளை ஷூ. அந்தோணிச்சாமி என்று பெயர். விஷயத்தைச் சொன்னதும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"கழட்ட மாட்டேன் தாயி. எனக்கு இடது காலு கொஞ்சம் பெருசு. இருவத்தஞ்சு வருசமா சுண்டுவிரல் கடிச்சுக் கடிச்சு, ஊர்வலத்துல அழுதுக்கிட்டே வாசிப்பேன். பாக்குறவுங்க என்னையப் பொண்ணு வீட்டுக்காரன்னு நெனச்சுக்கிருவாங்க. இந்த ஷூ ஒண்ணுதான் கடிக்கல. பெருமாளே வந்து கேட்டாலும் தர மாட்டேன்."

நன்றி சொல்லி ஒரு பாட்டு வேறு வாசித்துக் காட்டினார். கிளம்பும்போது, "சார் உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"ஐயய்யோ, அண்ணே!" என்றேன். சௌந்தரபாண்டி அண்ணே பக்கத்தில் இருந்த டிரம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கடை வரைக்கும் எனக்கு வாய் கசந்தது. காலையில் குடித்த காபி சரியில்லை.

கடையில் விவரம் சொன்னோம். முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "சரி, யாரு மாத்தி வச்சது? அவுங்களுக்குத் தீபாவளிக்கு அப்புறம் வேல இல்ல. தப்புக்கு ஒரு கணக்கு வேணும்ல."

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் "நான்தான் முதலாளி, மேல அடுக்குறப்ப மாறிப்போச்சு" என்று மச்சிலிருந்து குரல் வந்துவிட்டது. அப்போது பார்த்து ஒரு குடும்பமே உள்ளே நுழைந்தது. ஆறு பேர். ஆறு பேருக்கும் செருப்பு எடுத்துக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்றும் கூட்டம். முதலாளியிடம் தனியாகப் பேச நேரம் வாய்க்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

வாய்க்கவில்லை என்று எழுதியது பொய். மத்தியானம் கடையில் ஈ காக்கை இல்லை. முதலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

அக்டோபர் 8, புதன்

சௌந்தரபாண்டி எதுவுமே நடக்காதது போல் பெட்டி எறிகிறார். (அண்ணே என்று சேர்த்து எழுதினால் பேனா மை வீணாகிறது, அதனால் இனிமேல் வெறும் பெயர்தான்.)

ஒரு முடிவு எடுத்தேன். அந்த ஒட்டாத ஜோடிக்கு ஓர் ஆள் இந்த மதுரையில் இல்லாமலா போய்விடுவார்? இடது கால் பெரியவர் ஒருவர் இருந்தால், வலது கால் பெரியவர் ஒருவர் இருக்கத்தானே வேண்டும். இன்று முதல் வருகிற ஆண்கள் எல்லாருக்கும் இரண்டு காலையும் அளக்கிறேன். வழக்கமாக ஒரு காலைத்தான் அளப்போம். ஊரில் பாதிப் பேருக்கு இரண்டு காலும் ஒன்றில்லை! நூல் அளவு, அரை விரல் அளவு வித்தியாசம். கடவுள்கூட அவசரமாகத்தான் பெட்டி கட்டியிருக்கிறார்.

அக்டோபர் 11, சனி

இதுவரை நாற்பத்தொரு பேர். வலது கால் பெரியவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் வெள்ளை வேண்டாம் என்றுவிட்டார்கள். பஸ்ஸில் கண்டக்டர் காலை உற்றுப் பார்த்ததற்கு, "என்னக்கா, சில்லற விழுந்துருச்சா?" என்று அவரும் குனிந்து தேடினார்.

அக்டோபர் 14, செவ்வாய்

கிடைத்துவிட்டார்!

ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்ப்பவர். வெள்ளை ஷூதான் வேண்டும் என்று வந்தார். பலகையில் காலை வைத்தார். இடது ஏழு. வலதை வைக்கச் சொன்னேன். எட்டு. "வலது, எட்டு! இடது, ஏழு!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். பெட்டி பூப்போல வந்து இறங்கியது.

அவர் போட்டுக்கொண்டு கடையை மூன்று சுற்று நடந்தார். "என்னக்கா இது, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!" என்றார். சபீனா கை தட்டினாள். முதலாளியே எழுந்து வந்து அவர் காலைப் பார்த்தார்.

அந்தச் சந்தோஷத்தில் தைரியம் வந்துவிட்டது. அவர் போனதும் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"முதலாளி, அன்னைக்குப் பெட்டியில மாத்தி வச்சது நான்தான். மேல இருக்கவரு இல்ல."

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"பயந்துட்டேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் பயமாத்தான் இருக்கு."

அவர் மச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவன் நான்தாங்குறான், நீ நான்தாங்குற. நான் கட நடத்துறேனா, கோர்ட்டு நடத்துறேனா? போம்மா, போய் வேலையப் பாரு."

அக்டோபர் 15, புதன்

காலையில் கடை திறந்ததும் ஓட்டைக்குக் கீழே நின்று சண்டை போட்டேன்.

"உங்கள யாரு பழிய ஏத்துக்கச் சொன்னது?"

"நீங்க வாயத் தொறந்து தொறந்து மூடுனது மேல இருந்து தெரிஞ்சுச்சு. நம்மதான் தனி ஆளு, எங்கிட்டும் போயிக்கலாம்னு..."

"நானும் தனி ஆளுதான்!"

"அது தெரியும்" என்றார். தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் வயது நாற்பத்தைந்தாம். அதற்கு மேல் பெண் கேட்டுப் போக வெட்கமாக இருந்ததாம். இதை எதற்கு என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்றும் ஞாபகமில்லை.

ஞாபகம் இருக்கிறது. பதினோரு நாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. எத்தனை பெட்டி பிடித்தேனோ தெரியாது. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. தொண்டை போய்விட்டது, கடைசி ஒரு மணி நேரம் விரலைக் காட்டினேன், அவர் சரியாக எறிந்தார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானம் வரை தூங்கினேன். மகளும் மருமகனும் அதிரசம் கொண்டுவந்தார்கள். "யாரும்மா அது சௌந்தரபாண்டி? ஒரு மணி நேரத்துல பத்துத் தடவை சொல்லிட்ட" என்றாள் தேன்மொழி. கூட வேலை செய்கிறவர் என்றேன். "ம்" என்றாள். அந்த 'ம்' அவள் அப்பாவுடையது.

அக்டோபர் 22, புதன்

முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். சௌந்தரபாண்டி ஏணியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"விக்க முடியாததக்கூட இந்தம்மா வித்துருச்சு. இனிமே ரெண்டு காலையும் அளந்துதான் குடுக்கணும்னு நெனைக்கிறேன், அதுக்கு இவுங்க வேணும். மச்சுக்கு இனி ஆள் கட்டுப்படியாகாது. கோவிச்சுக்காதப்பா."

"இதுல என்ன முதலாளி கோவம்" என்றார் அவர். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அறை நிலைத்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் லீவு வேறு. செவ்வாய்க்கிழமை.

பஸ்ஸில் அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று எழுதலாம், ஆனால் இது என் டைரி. எனக்கு அவர் போனது பிடிக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மேலே பார்த்து "பிரவுனு, ஆறு!" என்று கத்தினேன். ஒன்றும் விழவில்லை. நானே ஏணி ஏறினேன். சபீனா என்னைப் பார்த்தாள். பில் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பெஞ்சில் யாரோ உட்கார்ந்தார்கள். நான் குனிந்து பலகையை வைத்தேன். கால் பழக்கமில்லாத கால். நீளமான பாதம், தேய்ந்த ரப்பர் செருப்பு.

"என்ன பாக்குறீங்கண்ணே?" என்று நிமிர்ந்தேன்.

சௌந்தரபாண்டி. முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தார்.

"பார்சல் கம்பெனி கோடவுன்ல வேல கெடச்சிருச்சு. நாளையிலருந்து. ஷூ போட்டுத்தான் வரணுமாம். அங்க மேக்கூரை நல்லா ஒசரம். நிமிந்து நிக்கலாம்."

அளந்தேன். இரண்டும் ஒன்பது, நூல் வித்தியாசம் இல்லை. கறுப்பில் கயிறு வைத்ததை எடுத்து வந்து மாட்டிவிடப் போனேன். "நானே போட்டுக்கிறேன், நீங்க எந்திரிங்க" என்றார். எழுந்தேன். பிறகு, "உக்காருங்க" என்று பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார். வாடிக்கையாளர் பெஞ்சு அது. முதலாளியைப் பார்த்தேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். உட்கார்ந்தேன்.

கயிறு கட்டிக்கொண்டே கேட்டார்: "லீவு குடுத்துட்டாங்களா உங்களுக்கு?"

"குடுத்துட்டாங்க. செவ்வாய்க்கெழம."

"அப்படியா" என்றார். போனை எடுத்தார். புது ஷூவோடு வாசலுக்குப் போய் நின்று பேசினார். தெருச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது, சபீனாவுக்கும் கேட்டது, கடை முழுக்கக் கேட்டது.

"சார், வணக்கம். நாளைக்கு வேலைக்குச் சேர்றேன்ல, சௌந்தரபாண்டி. வார லீவு என்னைக்கு வேணும்னு கேட்டிங்கள்ல... செவ்வாய்க்கெழம போட்டுக்கங்க சார்."

சபீனா பில் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மூடிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

இன்று எழுத நேரமில்லை.